மார்ச் வருவதற்குள் யாரை நிறுத்திக்கொள்வது, யாரை விடுவது

கிருஷ்ணகிரியில் அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்கிற ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், எங்கள் செட்டில் மூன்று பேர். ஓசூரில் நைட் ஷிஃப்ட் பார்க்கிற நண்பன் ஒருவன் பிடித்து வந்த வியாதி இது, இரண்டே வருஷத்தில் எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. ஆட்டம் ஞாயிறு இரவு பத்தரைக்கு மேல், சூப்பர் பவுல் என்கிற இறுதிப் போட்டி என்றால் திங்கள் விடியற்காலை 5 மணிக்கு. அவன் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் ஆள், நான் நியூயார்க் ஜயன்ட்ஸ். பரிதாபப்பட வேண்டாம், பழகிவிட்டது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் சூப்பர் பவுல் முடிந்ததும் ஒரு நீள நோட்டை எடுத்து, நம் டீமில் ஒப்பந்தம் முடிகிற ஆட்டக்காரர்களில் யாரிடம் திரும்பக் கையெழுத்து வாங்குவது, யாரை ஃப்ரீ ஏஜென்சிக்கு, அதாவது இஷ்டப்பட்ட டீமுக்குப் போய்க்கொள்ள, விடுவது என்று நாங்களே முடிவு பண்ணுவோம். அந்த நோட்டை எப்படிப் போடுவது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு மாந்தோப்புக் கதை. எங்கள் பக்கம் பூவும் பிஞ்சும் பார்த்துத் தோப்பைக் குத்தகைக்குப் பேசுவதும் ஏறக்குறைய இதே மாதங்களில்தான். என் மாமா ஒரு வருஷம் ஒரு அல்போன்சா தோப்பை, முந்தின வருஷம் லாரி லாரியாகக் காய் இறங்கியது என்பதற்காகவே நல்ல விலை கொடுத்துப் பிடித்தார். அல்போன்சா ஒரு வருஷம் கொட்டினால் அடுத்த வருஷம் கையை மடக்கிக்கொள்கிற ஜாதி. பெங்களூரா அப்படி இல்லை, வருஷா வருஷம் சுமாராகவாவது காய்க்கும். இது தெரியாத ஆள் இல்லை மாமா, ஆனால் போன வருஷத்து லாரிகள் அவர் கண்ணை மறைத்துவிட்டன. ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: கொடுக்கப் போகிற காசு போன வருஷத்துக் காய்க்கு இல்லை.

சரி, காசு எவ்வளவு இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என்.எஃப்.எல். என்கிற இந்த லீகில் எல்லா டீமுக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு, 2025 சீசனுக்கு அது 27.92 கோடி டாலர். முந்தின வருஷம் மிச்சம் பிடித்ததை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகலாம். சீசன் இல்லாத மாதங்களில் அதிகச் சம்பளம் வாங்கும் முதல் 51 பேரின் கணக்கு மட்டும்தான் சேரும், அதனால் மார்ச்சில் தெரிகிற இடம் உண்மையில் இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தெரியும். ஏப்ரல் டிராஃப்டில் (கல்லூரிப் பையன்களை டீம்கள் முறைவைத்து எடுக்கிற இடம்) எடுக்கப் போகிற பையன்களுக்கும், சீசன் நடுவில் யாராவது காலை உடைத்துக்கொண்டால் அவசரத்துக்கு ஆள் எடுக்கவும் ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கிவிட்டு, மீதியைத்தான் கையிருப்பு என்று நினைக்க வேண்டும். கல்யாணச் செலவுக்கு வைத்த பணத்தையும் சேர்த்து எண்ணிப் பார்த்து மகிழ்வது போல முதல் வருஷம் நான் எண்ணினேன், நண்பன் சிரித்தான்.

அடுத்து பெயர்கள். நான்கு சீசனோ அதற்கு மேலோ கணக்கில் சேர்ந்து ஒப்பந்தம் முடிந்தவர்தான் எங்கே வேண்டுமானாலும் போகக்கூடியவர். மூன்று சீசன் மட்டும் முடித்தவருக்கு டீம் ஒரு வருஷச் சம்பளத்தைச் சொல்லிவைத்துவிட்டால் போதும், வேறு டீம் விலை பேசினாலும் அதே விலையைக் கொடுத்து நிறுத்திக்கொள்ளும் உரிமை நம்மிடமே இருக்கும். அந்தப் பெயர்களில் தலையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை, அடுத்த பக்கத்துக்குத் தள்ளுங்கள். கிக் அடிக்கிறவர், பந்தைப் பின்னால் எறிந்து கொடுக்கிறவர் போன்றவர்கள் ஒழுங்காக வேலை செய்தால், கம்மி விலைக்கு முதல் நாளே முடித்துவிடலாம்.

மிச்சம் எட்டு பத்துப் பெயர் நிற்கும். சண்டை வருகிற இடம் இதுதான். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் நான் எழுதுவது இவ்வளவுதான்: ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு என்ன வயது இருக்கும் (இப்போது என்ன வயது என்பதை எழுதாதீர்கள், அது ஏமாற்றும்), கடைசி இரண்டு வருஷத்தில் எத்தனை ஆட்டம் காயத்தால் போனது, அவர் போனால் அந்த இடத்தில் நம்மிடம் யார் நிற்பார். கடைசிக் கேள்விக்கு ஒரு பெயர் சட்டென்று வந்துவிட்டால், முதல் ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருக்குக் கொடுக்கிற விலை இறங்கத்தான் வேண்டும். பெயரே வரவில்லை என்றால் சாதாரண ஆளுக்குக்கூடக் கூடுதலாகக் கொடுக்க நேரிடும். "இவர் நல்ல ஆட்டக்காரரா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் விடியும்வரை பேசலாம், நோட்டில் ஒரு வரி ஏறாது.

இடத்தைப் பொறுத்தும் விலை தலைகீழாக மாறும். லீகே விலை போட்டு வைத்திருக்கிறது, ஃப்ரான்சைஸ் டேக் என்ற ஏற்பாட்டைப் பார்த்தால் புரியும். ஒரு டீம் வருஷத்துக்கு ஒரே ஒரு ஆளை டேக் போட்டு ஒரு வருஷம் கட்டிப்போடலாம். சம்பளம், சுருக்கமாகச் சொன்னால், அந்த இடத்தில் அதிகம் வாங்குகிற ஐந்து பேரின் சராசரியை ஒட்டியது, இல்லையென்றால் அவருடைய முந்தின சம்பளத்தில் 120 சதவீதம், எது பெரியதோ அது. 2025இல், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்குக்கு அது 4 கோடி டாலருக்கு மேல், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக்குக்கு 1.4 கோடிக்குள். இவர்களுக்குக் காவலாக முன்வரிசையில் நிற்கிற தடியர்கள் எல்லாருக்கும், ஓரத்தில் நின்றாலும் நடுவில் நின்றாலும், ஒரே டேக் விலை. அந்த விலையை ஏற்றி வைப்பது ஓரத்து ஆட்களின் சம்பளம், அதனால் நடுவில் நிற்கிற கார்டுக்கு டேக் போட்டால் தேவைக்கு மேல் கொடுத்தவராகிவிடுவீர்கள். டேக் போட மார்ச் தொடக்கம் வரை அவகாசம் இருக்கிறது, அவசரப்பட்டுத் தீர்த்துவிடாதீர்கள்.

என் டீம் கதையைச் சொன்னால்தான் இது விளங்கும், மனசு வலித்தாலும் சொல்கிறேன். 2022 சீசனில் ஜயன்ட்ஸ் பல வருஷம் கழித்துப் பிளேஆஃப் என்கிற நாக்-அவுட் சுற்றுக்குப் போய், மின்னசோட்டாவில் ஒரு ஆட்டம் ஜெயித்தும் காட்டியது. 2023 மார்ச்சில் குவார்ட்டர்பேக் டேனியல் ஜோன்ஸுக்கு 4 வருஷத்துக்கு 16 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அதே நாளில் ரன்னிங் பேக் சாக்வான் பார்க்லிக்கு டேக். அன்று நான் சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை. ஜோன்ஸுக்கு அந்த வருஷமே முழங்கால் போயிற்று, 2024 நவம்பரில் டீமை விட்டே அனுப்பிவிட்டார்கள். பார்க்லியை 2024 மார்ச்சில் விட்டார்கள், அவர் போனது வேறெங்கும் இல்லை, பக்கத்து எதிரியான ஈகிள்ஸுக்கு, 3 வருஷத்துக்கு 3.775 கோடி. அந்த சீசனில் 2,005 யார்டு ஓடினார். 2025 பிப்ரவரி 9ஆம் தேதி, அவருடைய 28ஆவது பிறந்தநாளில், ஈகிள்ஸ் கேன்சஸ் சிட்டியை 40-22 என்று அடித்து சூப்பர் பவுலைத் தூக்கியது. ஜயன்ட்ஸ் அந்த சீசனில் மூன்றே ஆட்டம் ஜெயித்தது. நண்பன் எனக்கு அன்று காலை ஏழு மணியிலிருந்து ஃபோன் போட்டுக்கொண்டே இருந்தான், நான் எடுக்கவில்லை.

ஆனால் இதிலிருந்து "ரன்னிங் பேக்கை விடக் கூடாது" என்று கற்றுக்கொண்டால் தப்புப் பாடம். ஈகிள்ஸின் முன்வரிசை வழி விட்ட மாதிரி எங்கள் முன்வரிசை அவருக்கு என்றைக்கும் விட்டதில்லை. ஒரே மாங்கன்றுதான், எங்கள் மாவட்டத்துச் சந்தூர்ப் பக்கம் வைத்தால் ஒரு காய்ப்பு, தண்ணீர் ஏறாத மேட்டில் வைத்தால் வேறு காய்ப்பு. அதனால் ஒரு ஆட்டக்காரரின் கணக்கைப் பார்க்கும்போது அதில் பாதி யாருடையது என்று பிரித்துப் பாருங்கள். பக்கத்தில் நின்றவரும் இதே மார்ச்சில் போகிறார் என்றால், இருவரையும் ஒரே வரியில் எழுதிக்கொண்டு யோசியுங்கள். எங்கள் ஆட்கள் செய்த தவறு பார்க்லியை விட்டது இல்லை, ஒரு நல்ல வருஷத்துக்காக ஜோன்ஸுக்கு நான்கு வருஷ விலை கொடுத்தது என்றுதான் நான் சொல்வேன். நண்பன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

ஒப்பந்தத் தொகையைப் பார்த்து மிரளவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். செய்தியில் வருகிற பெரிய எண்ணில் எவ்வளவு உத்தரவாதப் பணம் என்று மட்டும் தேடுங்கள், மற்றதெல்லாம் பாதியில் காற்றில் போகக்கூடியது. கையெழுத்துப் போடும்போது கொடுக்கிற முன்பணத்தைச் சம்பளக் கணக்கில் ஐந்து வருஷம் வரை பிரித்துக் காட்டலாம். 4 வருஷ ஒப்பந்தத்தில் 2 கோடி முன்பணம் என்றால் வருஷத்துக்கு 50 லட்சம். இரண்டு வருஷத்தில் அவரை அனுப்பினால் மிச்சம் 1 கோடியும் கணக்கில் வந்து விழும், ஆள் இல்லாமலே. ஜூன் 1க்கு அப்புறம் அனுப்பினால் இரண்டு வருஷமாகப் பிரித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் சலுகை. ஆகவே 30 வயதைத் தாண்டியவருக்கு நீள ஒப்பந்தம் எழுதும்போது மூன்றாம் வருஷம் அவரை அனுப்பினால் எவ்வளவு விழும் என்பதை ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்துவிடுங்கள்.

விடுகிற பெயர்களிலும் ஒரு லாபம் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. வெளியிலிருந்து எடுக்கிறதைவிட அதிகமாக ஃப்ரீ ஏஜென்ட்டுகளை இழக்கிற டீமுக்கு, அடுத்த வருஷ டிராஃப்டில் மூன்றாம் சுற்றிலிருந்து ஏழாம் சுற்றுக்குள் ஈடாகக் கூடுதல் தேர்வுகள் கிடைக்கும். ஒரு டீமுக்கு அதிகபட்சம் நான்கு. ஆனால் ஒப்பந்தம் தானாக முடிந்து போனால்தான் இந்தக் கணக்கு, நாமே பாதியில் அனுப்பியவருக்குக் கிடையாது. அதே மாதிரி, வேறு டீம் பாதியில் அனுப்பியவரை நாம் எடுத்தால் நம் ஈடு குறையாது. எனவே ஒரு ஆளுக்கு வெளியே பெரிய விலை வரும் என்று தெரிந்தால், போகட்டும் என்று விட்டுவிட்டு அந்த இடத்துக்கு மற்றவர்கள் அனுப்பிவைத்த ஆளைத் தேடுவது பல நேரம் நல்ல வியாபாரம்.

கடைசியாக ஒவ்வொரு பெயருக்கும் ஒரு உச்ச விலை எழுதுங்கள், வெளி விலை காதில் விழுவதற்கு முன்னாலேயே. நம் ஆட்களிடம் நாம் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். மற்ற டீம்கள் நம் ஆட்களுக்காகப் பேரம் பேசுகிற ஏஜென்ட்டுகளிடம் பேசத் திறக்கிற நேரம் மார்ச் இரண்டாம் வாரத் திங்கள், நம் ஊர்க் கணக்கில் இரவு ஒன்பதரை மணி. கையெழுத்து வியாழன் அதிகாலை ஒன்றரைக்குத்தான். திங்கள் இரவு சாப்பாட்டுக்கு முன்னால் நோட்டை மூடி, எங்களில் மூன்றாவது ஆளிடம் கொடுத்துவிடுவோம், அவனுக்கு எந்த டீமும் கிடையாது. வியாழன் காலை பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் அவன் நோட்டைத் திறந்து வாசிப்பான், அடித்துத் திருத்தியிருந்தால் டீ காசு நாம் கொடுக்க வேண்டும்.