படகில் குடிநீர்க் குழாயும் வடிகட்டியும் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் பழுது பார்க்கப்படும் விசைப்படகுகளில், அடிப்பலகைக்கும் புரொப்பல்லருக்கும் என்ஜினுக்கும் கிடைக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் குடிநீர்க் குழாய்களுக்குக் கிடைப்பதில்லை. பெயின்ட் காய்ந்த பிறகு, புறப்படுவதற்குச் சற்று முன்னால், வீட்டு பிளம்பிங் தெரிந்த ஓர் இளைஞரிடம் அந்த வேலை ஒப்படைக்கப்படுகிறது. டிரம்மும் குவளையுமாகக் கடலுக்குப் போன காலத்தில் அது போதுமானதாக இருந்தது. பல நாள் தங்கி மீன்பிடிக்கும் படகுகள் சிலவற்றில் இப்போது பிரஷர் பம்பும் வடிகட்டியும் வந்துவிட்டன. நாங்கள் தொழில் கற்ற நாள்களில் செய்த பிழைகளையே புதியவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன். வால்வை மூடாமல் குழாயைக் கழற்றுவது, வாஷர் போட மறப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. ஒருமுறை நனைந்தவர் அவற்றை மறுமுறை செய்வதில்லை.

பிளாஸ்டிக் வாய்க்குள் பித்தளை நிப்பிள்

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். வடிகட்டியின் தலைப்பகுதி பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனது. தண்ணீர் நுழையும் வாயிலும் வெளியேறும் வாயிலும் உள்மரை இருக்கும். அதற்குள் கூம்பு மரை கொண்ட பித்தளை நிப்பிள் (மரை வெட்டிய குட்டை இணைப்புக் குழாய்) ஒன்றை, டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றி, பைப் ரெஞ்ச் போட்டு இறுக்குகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் நிப்பிள் உள்ளே போகப் போக, விறகில் ஆப்பு இறங்குவதைப் போல, அந்த வாயை அது வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. பித்தளை விட்டுக்கொடுக்காது; பிளாஸ்டிக்தான் விரிய வேண்டும். டேப் எவ்வளவு தடிமனோ அவ்வளவு விரியும்.

பிளாஸ்டிக் உடனே உடைந்துவிட்டால் நட்டம் ஒரு வடிகட்டியோடு முடிந்துவிடும். அது உடனே உடையாது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. கரையில் சோதிக்கும்போது ஒரு சொட்டுக்கூடக் கசியாது. உரிமையாளர் பார்த்துத் திருப்தி அடைவார், கூலியும் கைக்கு வந்துவிடும். விரிந்த நிலையிலேயே நிற்கும் அந்த வாய், என்ஜினின் அதிர்வையும், பம்பு நின்று நின்று ஓடும்போது ஏறி இறங்கும் அழுத்தத்தையும் நாள்கணக்கில் தாங்கிக்கொண்டிருந்து, பிறகு மரையின் அடியில் தலைமுடி அளவு விரிசலாகத் தொடங்குகிறது. அப்போது படகு கரையிலிருந்து வெகுதொலைவில் இருக்கும்.

அதற்கு அடுத்து நடப்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். குழாயில் அழுத்தம் குறைந்தால் பிரஷர் பம்பு தானாகவே ஓடத் தொடங்கும். அழுத்தம் ஏறினால்தான் நிற்கும். விரிசல் பெரிதானால் அழுத்தம் ஏறாது, பம்பும் நிற்காது. நிமிடத்துக்குப் பத்து லிட்டர் தள்ளும் சாதாரண டயஃப்ரம் பம்பு 500 லிட்டர் தொட்டியை ஒரு மணி நேரத்துக்குள் காலி செய்துவிடும். கொட்டும் தண்ணீர் படகின் அடியில் சேரும். அங்கே மிதவை சுவிட்ச் உள்ள இன்னொரு பம்பு அதைக் கடலுக்குள் இறைத்துவிடும். இரண்டு பம்புகளும் தத்தம் கடமையை ஒழுங்காகச் செய்வதால் யாருக்கும் சந்தேகம் வராது. பெரிய என்ஜின் ஓடும் இரைச்சலில் அவற்றின் சத்தமும் கேட்காது. முதுநகரிலிருந்து ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு போன ஒரு படகில், விடியற்காலையில் டீக்குத் தண்ணீர் பிடிக்கப் போன தொழிலாளி குழாயில் வெறும் காற்று வருவதைப் பார்த்துத்தான் டிரைவரை எழுப்பியிருக்கிறார். வலை ஒருமுறை போட்ட நிலையிலேயே திரும்பினார்கள். அந்த வடிகட்டியைப் பிறகு கழற்றிப் பார்த்தேன்: நிப்பிளில் கட்டைவிரல் தடிமனுக்கு டேப் சுற்றப்பட்டிருந்தது, விரிசலின் மேல் யாரோ எம்-சீல் பசையை அப்பியிருந்தார்கள். ஈரமும் அழுத்தமும் உள்ள இடத்தில் அது எப்படிப் பிடிக்கும்?

தடிமனாக டேப் சுற்றும் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பொருத்திகள் பி.எஸ்.பி. எனும் பிரிட்டிஷ் அளவு மரை கொண்டவை, வெளிநாட்டு வடிகட்டிகளிலும் பம்புகளிலும் அமெரிக்க என்.பி.டி. மரை அடிக்கடி வருகிறது. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்கும் ஓர் அங்குலத்துக்கு 14 மரைகள்தாம். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றொன்றில் 60 பாகை. ஆகவே ஒன்றுக்குள் ஒன்று ஏறிவிடும், முழுமையாக அடைக்காது. கசிகிறது என்று டேப்பைக் கூட்டுவார்கள். இன்னும் கசிகிறது என்று, “அண்ணே, இன்னும் ரெண்டு சுத்து இறுக்கிடலாம்” என்பார்கள். அந்த இரண்டு சுற்றில்தான் விரிசலுக்கான விதை விழுகிறது.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. வடிகட்டியின் மேல் எந்த மரை என்று எழுதியிருக்கிறதோ அதே மரையில் பிளாஸ்டிக் நிப்பிளை வாங்க வேண்டும். இரண்டு மூன்று சுற்று டேப் போதும். கையால் இறுகும் வரை திருகி, அதன்பின் ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரைச் சுற்று. உலோகமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தே ஆக வேண்டிய இடத்தில், உள்மரை உலோகத்திலும் வெளிமரை பிளாஸ்டிக்கிலும் இருக்கும்படி அமைத்தால், பிளாஸ்டிக் விரிவதற்குப் பதிலாக அழுந்தும். அழுத்தத்தை அது நன்றாகவே தாங்கும். உலோக மரைகளுக்கென்று விற்கும் ஒட்டுத் திரவங்களை இங்கே பயன்படுத்தக் கூடாது. அவற்றில் சில, பிளாஸ்டிக்கில் தாமே விரிசலை உண்டாக்கும். வடிகட்டியைச் சுவரில் பிராக்கெட்டில் பொருத்தி, இருபுறமும் சற்று நெகிழ்வான குழாயை விட்டால் அதிர்வு நிப்பிளுக்கு வராது. இரவில் பம்பின் சுவிட்சை அணைத்துவிடும் வழக்கத்தை டிரைவரிடமும் வற்புறுத்த வேண்டும்.

பம்புக்கு முன்னால் நுண்வடிகட்டி

தொட்டிக்கும் பம்புக்கும் இடையில் இருக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியும் தூசியைப் பிடிக்கும் வலைச் சல்லடை மட்டுமே. 5 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் 200-ல் ஒரு பங்கு) அளவுத் தூசியையும் பிடிக்கும் நுண்வடிகட்டியை அங்கே வைத்தால், அது அடைபட அடைபடப் பம்பு தண்ணீருக்குத் தவித்து, இணைப்புகளின் வழியே காற்றை இழுக்கத் தொடங்கும். உறிஞ்சும் பக்கத்தில் உள்ள ஓட்டை வெளியே கசிந்து காட்டாது என்பதால், பம்புதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிப் புதியதை வாங்குகிறார்கள். நுண்வடிகட்டி பம்புக்குப் பின்னால்தான் வர வேண்டும்.

தொட்டியை நிரப்பும் குழாயில் கார்பன் வடிகட்டி

நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் தவறு இது. கார்பன், தண்ணீரிலுள்ள குளோரினை எடுத்துவிடும். கரையில் பிடிக்கும்போதே அதை எடுத்துவிட்டால், வெயிலில் காயும் தொட்டியில் நாள்கணக்கில் நிற்கப்போகும் தண்ணீருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. தொட்டியின் உட்புறம் வழவழப்பாகிவிடும். குடிநீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். நிரப்பும் இடத்தில் மண்ணைப் பிடிக்கும் வடிகட்டி மட்டும் இருக்கட்டும். கார்பன் குடிக்கும் குழாய்க்கு அருகில் இருக்கட்டும்.

தொட்டியைக் கிருமிநீக்கம் செய்யும்போது கார்பன் வடிகட்டிக்குள் இருக்கும் உருளையைக் கழற்றிவிட வேண்டும். 1000 லிட்டர் தண்ணீருக்கு 33 சதவீத பிளீச்சிங் பவுடர் 150 கிராம் கலந்தால் குளோரின் லிட்டருக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம் ஆகும். பவுடரை நேராகத் தொட்டியில் கொட்டுகிறார்கள். அதிலுள்ள சுண்ணாம்பு முழுவதும் பிறகு வடிகட்டியில் வந்து அடைத்துக்கொள்ளும். வாளியில் கரைத்துத் தெளியவைத்து மேல்நீரை மட்டும் ஊற்றி, எல்லாக் குழாய்களிலும் மணம் வரும் வரை திறந்துவிட்டு, நான்கு மணி நேரம் வைத்திருந்து, வெளியேற்றி இருமுறை அலச வேண்டும். எவர்சில்வர் தொட்டியில் இரவு முழுவதும் விட்டுவிட்டால் அதில் குழி விழும். கடற்கரை ஈரப்பதத்தில் திறந்து கிடந்த பழைய பவுடருக்கு வீரியம் போயிருக்கும் என்பதால், கடந்த ஆண்டு மூட்டையை நம்ப வேண்டாம்.

சிவந்துபோன பித்தளையை மீண்டும் மாட்டுவது

உப்புச் சார்ந்த தண்ணீரிலும் காற்றிலும் சாதாரணப் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து போய், துளைகள் நிறைந்த செம்பு மட்டும் எஞ்சும். உருவம் மாறாது, பலம் இருக்காது. கத்தி முனையால் சுரண்டும்போது மஞ்சளுக்குப் பதிலாக இளஞ்சிவப்பு தெரிந்தால் அந்தப் பொருத்தியை எறிந்துவிட வேண்டும். மாற்றாக வெண்கல வகையான கன்மெட்டலோ நல்ல பிளாஸ்டிக்கோ போதும். பாலிஷ் போட்டு மறுபடியும் பொருத்துகிறவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

ஹோஸ் கிளிப்

குழாயை இறுக்கிப் பிடிக்கும் இந்த வளையங்கள் சிலவற்றில் பட்டை மட்டும் எவர்சில்வராகவும் திருகு இரும்பாகவும் இருக்கும். வாங்கும்போதே திருகில் காந்தத்தை வைத்துப் பாருங்கள்.

ஒளி புகும் குழாய்

பாசி பிடிக்கும். வேண்டாம்.

வடிகட்டியின் கிண்ணத்தைக் கழற்ற இடம் விடாமை

கிண்ணத்தைக் கழற்றி உள்ளே இருக்கும் உருளையை மாற்றுவதற்குக் கீழே ஒரு சாண் இடமாவது வேண்டும்.

வடிகட்டி உப்பையும் எடுக்கும் என்று நம்புவது

எடுக்காது. மண்ணைப் பிடிக்கும் வடிகட்டிக்கும் கார்பனுக்கும் கரைந்திருக்கும் உப்பின் மேல் எந்த அதிகாரமும் இல்லை. கரையோர ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நிரப்புகிறவர்கள், தொட்டியில் விடுவதற்கு முன் ஒரு டம்ளர் குடித்துப் பார்க்கட்டும்.

ஓடும் என்ஜினில் சோதிக்காமல் புறப்படுவது

எல்லாக் குழாய்களையும் மூடி, பம்பு அழுத்தம் ஏறித் தானாக நின்ற பிறகு, என்ஜினை ஓடவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். யாரும் குழாயைத் திறக்காத அந்த ஒரு மணி நேரத்தில் பம்பு ஒரு நொடி ஓடி நின்றாலும், பம்பே பழுதாக இல்லாவிட்டால், எங்கோ கசிகிறது என்று பொருள். ஒவ்வோர் இணைப்பின் கீழும் காய்ந்த செய்தித்தாளை விரித்து வைத்தால் எது என்பது தெரிந்துவிடும்.