துருக்கி வரலாறு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

துருக்கியைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளிலும் யூடியூப் பேச்சுகளிலும் 1923ஆம் ஆண்டு படாத பாடு படுகிறது. சுல்தான் போனது, கலீஃபா போனது, துருக்கித் தொப்பி போனது, எழுத்து மாறியது எல்லாமே அதன் தலையில்தான்.

நடந்தது வேறு. சுல்தான் பதவியை அங்காராவில் இயங்கிய துருக்கி நாடாளுமன்றம் 1922 நவம்பர் 1 அன்றே ஒழித்துவிட்டது. கடைசி சுல்தான் ஆறாம் மெஹ்மத் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறி வெளியேறினார். முஸ்லிம்களின் தலைவர் என்ற கலீஃபா பதவியோ நீடித்தது; அவருடைய சித்தப்பா மகன் அப்துல் மஜீத் அதில் அமர்ந்தார். குடியரசு வந்தது 1923 அக்டோபர் 29. கிலாஃபத், அதாவது கலீஃபா பதவி, ஒழிந்தது 1924 மார்ச் 3. இந்த இடைவெளியை விழுங்கிவிட்டுத்தான் ‘கிலாஃபத்தை ஒழித்தது பிரிட்டன்’ என்று எழுதுகிறார்கள். ஒழித்தது துருக்கியின் சொந்த நாடாளுமன்றம். கலீஃபாவின் மதிப்பைக் காக்கச் சொல்லி லண்டனிலிருந்து இந்திய முஸ்லிம் தலைவர்களான ஆகா கானும் சையத் அமீர் அலியும் எழுதிய கடிதம் இஸ்தான்புல் பத்திரிகைகளில் வெளியாகி, அங்காராவின் எரிச்சலைத்தான் கிளப்பியது. கலீஃபா பதவியைக் காக்க இந்தியாவில் கிலாஃபத் இயக்கம் நடத்தியவர்களுக்கு அந்தப் பதவி ஒழிந்தது பேரிடி.

மதத்தையும் அரசையும் அப்போதே பிரித்துவிட்டார்கள் என்பதும் பாதி உண்மைதான். கிலாஃபத்தை ஒழித்த அதே நாளில் ‘தியானெத்’ என்ற சமய விவகாரத் துறையை நிறுவினார்கள். பிரிப்பதைவிடப் பிடியில் வைப்பதே நோக்கம். பள்ளிவாசல் இமாம்கள் இன்றும் அரசுச் சம்பளக்காரர்கள். 1932 முதல் 1950 வரை பாங்குகூட அரபியில் அல்ல, துருக்கியில்தான் ஒலித்தது.

அடுத்தது ‘முக்காட்டுக்குத் தடை’. 1925ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்களின் தொப்பியைப் பற்றியது. பெண்களின் முகத்திரைக்கு நாடு முழுமைக்குமான சட்டம் அப்போது வரவில்லை. சில நகராட்சிகள்தான் தடை போட்டன. பல்கலைக்கழகங்களில் முக்காட்டுக்குக் கெடுபிடி வந்தது 1980 ராணுவப் புரட்சிக்குப் பிறகு. அதையும் குடியரசை நிறுவிய முஸ்தஃபா கெமால் அதாதுர்க் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

எனக்கு மிகவும் உறுத்துவது, கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையிலான 1923 மக்கள் பரிமாற்றத்தைத் ‘துருக்கியர் இங்கே, கிரேக்கர் அங்கே’ என்று ஒரே வரியில் முடிப்பது. பிரித்த அளவுகோல் மதம், மொழியல்ல. துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவின் கரமான்லிகள் துருக்கி பேசிய கிறிஸ்தவர்கள். அவர்களுடைய கல்லறைக் கற்களில் எழுத்து கிரேக்கம், சொற்கள் துருக்கி. அவர்களைக் கிரேக்கத்துக்கு அனுப்பினார்கள். கிரீட் தீவில் கிரேக்கம் பேசிய முஸ்லிம்களைத் துருக்கிக்கு ஏற்றினார்கள். போரில் ஏற்கெனவே ஓடிவந்தவர்களையும் சேர்த்தால் சுமார் 12 லட்சம் கிறிஸ்தவர்களும் 4 லட்சத்தை ஒட்டிய முஸ்லிம்களும் வேரோடு பெயர்ந்தார்கள். போன இடத்து மொழி பலருக்கு வாயில் வரவில்லை.

கடைசியாக வாட்ஸப் வதந்தி ஒன்று: ‘லொசான் ஒப்பந்தம் நூறாண்டில் காலாவதி, அதன்பின் துருக்கி எண்ணெய் தோண்டும், பாஸ்பரஸ் நீரிணையில் சுங்கம் வசூலிக்கும்.’ துருக்கியின் எல்லைகளை வகுத்த அந்த 1923 அமைதி ஒப்பந்தத்தில் காலாவதித் தேதியே கிடையாது. அந்த நூறாண்டு முடிவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே துருக்கி எண்ணெய் எடுத்துவருகிறது. பாஸ்பரஸ் கப்பல் போக்குவரத்து 1936 முதல் மோந்த்ரோ உடன்படிக்கையின்படி நடக்கிறது.