வீட்டில் எஞ்சின் ஃபுல் ரிப்பேர்: லேத்திலிருந்து வந்த புளொக்கை அப்படியே பூட்டாதீர்கள்

ஒயில் ஊற்ற மறக்காதே, போல்ட்டைத் தவறவிடாதே என்பதையெல்லாம் யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. கொழும்பில் முதல்முறை எஞ்சின் இறக்குபவர்கள் வரிசையாகப் போய் விழும் குழிகள் வேறு.

பிஸ்டன் வாங்கும் ஒழுங்கு

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் 0.50 பிஸ்டன் செட்டை (அசல் அளவைவிட அரை மில்லிமீற்றர் பெரியது) வாங்கிவிட்டு, பிறகு சிலிண்டர்கள் உள்ள புளொக்கை அளக்கிறார்கள். அளந்தால் 0.75 வேண்டும் என்று வரும். கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார். முதலில் ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், குறுக்காகவும் நெடுக்காகவும் அளக்கவேண்டும். அப்புறம் பிஸ்டன். அதையும் புளொக்கோடு லேத் பட்டறையில் கொடுத்து, அதன் அளவுக்கே சிலிண்டரைக் கடைந்து போர் பண்ணச் சொல்லுங்கள்.

மண்ணெண்ணெயில் கழுவி முடிப்பது

செலவு வைக்கும் தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் ஏறுவதில்லை. ஹோன் பண்ணிய, அதாவது கல்லால் மெல்லத் தேய்த்த, சிலிண்டரின் கீறல்களுக்குள் கல்லின் தூள் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் எண்ணெய்ப் பசையைக் கழற்றும், தூளைக் கழற்றாது. அவை காய்ந்ததும் தூள் அங்கேயே படிந்துவிடும். புளொக் பளபளவென்று இருப்பதால் ஆளும் ஏமாந்துபோவார்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அந்தத் தூள் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கைத் தின்னும். ஒயில் வழிகளில் மிஞ்சியது இன்னும் மோசம்: ஃபில்டருக்கு அப்பால் இருப்பதை ஃபில்டர் பிடிக்காது, நேரே கிராங் சுழலும் பெயாரிங்குக்குத்தான் போகும். பெயாரிங்கின் மென்மையான உலோகத்தில் புதைந்து, கிராங்கை அரம்போல ராவும். கொஞ்சக் காலத்தில் ஐட்லில், அதாவது எக்ஸிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, ஒயில் பிரஷர் குறைவைக் காட்டும் ஒயில் விளக்கு எரியும். உடையவரோ பெயாரிங் டூப்ளிகேட் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்.

செய்யவேண்டியது: ஒயில் வழிகளின் மரைப் பிளக்குகளைக் கழற்றுங்கள். சூடான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, நைலோன் தூரிகையால் சிலிண்டர்களைத் தேயுங்கள். வழிகளுக்குள் நீளமான மெல்லிய தூரிகை போகவேண்டும். கிராங்கை அரைத்திருந்தால் அதன் துளைகளுக்குள்ளும். தண்ணீர் கறுத்தால் மாற்றுங்கள். கொம்பிரசர் காற்றால் ஊதிக் காயவைத்து, உடனே ஒயில் பூசுங்கள். வெள்ளவத்தைக் கடற்காற்றில் வெறும் இரும்பு தேநீர் குடித்து வருவதற்குள் துருப்பிடிக்கும். ஒயில் தொட்ட வெள்ளைத் துணியால் சிலிண்டரைத் துடைத்துப் பாருங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடி முதலிலிருந்து.

கழற்றிய பிளக்குகளை எண்ணி வையுங்கள். ஒன்று விடுபட்டால் ஒயில் பிரஷரே வராது.

ரிங் இடைவெளி

ரிங்கின் இரு முனைகளுக்கும் இடையிலான வெளி இது. பெட்டியில் வந்தபடி போடவேண்டாம். ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். 78.7 மில்லிமீற்றர் சிலிண்டரில் மேல் ரிங்குக்கு ஏறக்குறைய 0.3 மில்லிமீற்றர் வரும். மெனுவல் வேறு சொன்னால் அதைக் கேளுங்கள். இடைவெளி போதாவிட்டால் சூட்டில் முனைகள் முட்டி, சிலிண்டர் கீறும்.

ரொட் மூடிகள்

பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ரொட்டின் மூடிகள் இவை. எது எந்த ரொட்டுக்கு என்று கழற்றும் முன்பே இலக்கம் போடுங்கள்.

ஹெட் போல்ட் துளைகள்

உள்ளே ஒயில் தேங்கியிருந்தால் முறுக்கும்போது புளொக்கில் வெடிப்பு விழலாம். ஊதி எடுங்கள்.

சிலிக்கோன்

கசிவைத் தடுக்கப் பொருத்துகளில் பூசும் இந்தப் பசை மெல்லிய கோடாகப் போதும். பிதுங்கி உள்ளே விழுந்தது ஒயில் சல்லடையை அடைக்கும்.

முதல் ஸ்டார்ட்

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோலையும் நிறுத்தி, ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிறகு ஸ்டார்ட். அதன்பின் மணிக்கணக்காக ஐட்லில் விடாதீர்கள். ரிங் அமர்வதற்குப் பாரம் வேண்டும். கொழும்பின் காலி வீதி நெரிசல் அதற்கு உதவாது. அதிகாலையில் நகருக்கு வெளியே அவிசாவளைப் பக்கம் வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். 500 கிலோமீற்றரில் ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.