இதய ஃபைல் தனி, லிவர் ஃபைல் தனி: நம்மவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாராவி, சயான், செம்பூர் பக்கமிருந்து மும்பை ஆஸ்பத்திரிகளுக்கு வரும் நம் தமிழர்கள் பலரிடம் இரண்டு பிளாஸ்டிக் கவர் இருக்கும். ஒன்றில் ஈசிஜி, எக்கோ, ஆஞ்சியோ சிடி. இன்னொன்றில் சோனோகிராஃபி, லிவர் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி ரத்த டெஸ்ட், லிவர் தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். இதய டாக்டரைப் பார்க்க வரும் நாளில் லிவர் கவர் வீட்டு பீரோவில் இருக்கும். லிவர் டாக்டரைப் பார்க்கும் நாளில் மற்றது. மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளராக இந்தக் கவர்களைப் பிரித்துப் படிப்பது என் வேலை. முக்கால்வாசித் தவறுகளுக்கு இந்தப் பிரிவினைதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

"ஃபேட்டி லிவரா? அது இந்தக் காலத்துல யாருக்கு இல்ல" என்று தள்ளிவிடுவதிலிருந்து ஆரம்பிக்கலாம். ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் உயிரைப் பறிப்பதில் லிவரைவிட இதய நோய்தான் முன்னால் நிற்கிறது. சர்க்கரை, தொப்பை, கொழுப்பு என்று இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். மத்திய அரசும் 2021-இல் ஃபேட்டி லிவரைத் தொற்றா நோய்த் திட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. எஸ்ஜிபிடி நார்மல் என்பதால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். லிவரில் தழும்பு விழுந்த பிறகும் அது நார்மலாகவே இருக்கக்கூடும். வயது, எஸ்ஜிஓடி (இன்னொரு லிவர் டெஸ்ட்), எஸ்ஜிபிடி, பிளேட்லெட் ஆகிய நான்கையும் வைத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்குப் போடுவார்கள். அது 1.3-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு. 65 தாண்டியவர்களுக்கு அந்தக் கோடு 2. செலவில்லாத கணக்கு, டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, படித்தவர்களே அதிகம் செய்வது: சிரோசிஸ், அதாவது லிவர் முழுக்கத் தழும்பேறிய நிலை, வந்தவருக்கு மாரடைப்பு வராது என்ற நம்பிக்கை. பழைய பிரேதப் பரிசோதனை ஆய்வுகள் சில அப்படித்தான் சொல்லின. பிறகு, லிவர் மாற்று அறுவைக்கு முன் ஆஞ்சியோ எடுக்க ஆரம்பித்ததும், நெஞ்சுவலியே இல்லாதவர்களிடமும் அடைப்பு தென்பட்டது. ஏமாற்றுவது ரிப்போர்ட்தான். கொலஸ்ட்ராலைத் தயாரிப்பதே லிவர். அது தளர்ந்தால் எண் தானாக இறங்கும். ரத்தக்குழாய்கள் விரிந்துபோவதால் பிபியும் இறங்கும். மண்ணீரல் வீங்கி சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிவதால், மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சி கூடக் குறைவாகக் காட்டும். மூன்றும் 'நல்லா' இருக்கிறதே என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். நோய் முற்றியதன் அடையாளம் அது.

ஆனால் இந்த ஆஞ்சியோ ஆய்வுகள் சொல்லும் சதவீதங்களையும் அப்படியே உங்கள் அப்பாவுக்குப் பொருத்திவிடாதீர்கள். மாற்று அறுவைப் பட்டியலுக்கு வருபவர்கள் ஏற்கெனவே வடிகட்டப்பட்டவர்கள். இதயம் ரொம்ப மோசமானவர் அந்த வரிசைக்கே வந்திருக்க மாட்டார்.

ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தை வைத்துச் சொல்லும் எண்) அதிகம், அதனால் ரத்தம் தானாகவே உறையாது என்பதும் இதே ரகம்தான். உறைய வைக்கும் புரதங்களோடு, உறைதலைத் தடுக்கும் புரதங்களும் லிவரிலேயே தயாராகின்றன. இரண்டும் சேர்ந்து குறைகின்றன. ஐஎன்ஆர் தராசின் ஒரு தட்டை மட்டும்தான் எடை போடுகிறது.

அப்புறம் ஸ்டாட்டின், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை. எஸ்ஜிபிடி கொஞ்சம் ஏறினால் 'லிவருக்கு ஆகாது' என்று வீட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். சாதாரண ஃபேட்டி லிவரிலும் தொடக்கநிலை சிரோசிஸிலும் அதைப் பெரும்பாலும் பயமின்றிக் கொடுக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-இலேயே, ஸ்டாட்டின் எடுப்பவர்களுக்கு அடிக்கடி லிவர் டெஸ்ட் வேண்டும் என்ற அறிவுரையை நீக்கிவிட்டது. வயிற்றில் நீர் கோத்து, மஞ்சள் காமாலையும் வந்த நிலை வேறு. அங்கே தினமும் 40 மில்லிகிராம் சிம்வாஸ்டாட்டின் கொடுத்துப் பார்த்த ஐரோப்பிய ஆய்வில் சிலருக்குத் தசை சிதைவு வந்தது. மாத்திரை அதேதான், நிலைதான் வேறு. முடிவை டாக்டர் எடுக்கட்டும்.

ஸ்டென்ட் வைக்கப் போகிறவருக்கு சிரோசிஸ் இருந்தால், அதை வைப்பதற்கு *முன்பே* இதய டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய் இருக்கிறதா என்று எண்டோஸ்கோபியில் பார்ப்பார்கள், தேவையானால் கட்டுப்போடுவார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் எத்தனை மாதம் என்பதும் அதை வைத்து மாறும். பிறகு தெரியவந்தால் எல்லாருக்கும் சங்கடம். மலம் கறுப்பாகப் போனால், உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளக்கூடும். முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கடையில் வாங்கிப் போடுவதை சிரோசிஸ்காரர்கள் மறந்துவிடலாம்.

"அண்ணாச்சி, வேற மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா" என்பார்கள். பேச்சு நீண்டு, கிளம்பும்போது, "காலைல சீந்தில் கஷாயம் மட்டும் குடிப்பேன். அது மருந்தில்லையே!" சீந்தில்தான் இந்த ஊரில் கிலோய், குள்வேல். கொரோனா காலத்தில் அதைக் குடித்து லிவர் பாதிக்கப்பட்ட 6 பேரைப் பற்றி மும்பை மருத்துவர்களே 2021-இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. பின்னர் நாட்டின் பல ஆஸ்பத்திரிகளிலிருந்தும் இதேபோலத் தகவல் வந்தது. கஷாயம், லேகியம், ஜிம் பவுடர், வாரக்கடைசி இரண்டு பெக் என எல்லாவற்றையும் சொல்லுங்கள். மறைத்தால், புது மருந்து ஆய்வில் எஸ்ஜிபிடி ஏறும்போது பழி எதன்மேல் விழும் என்று யாருக்கும் தெரியாது.

ஆய்வில் சேரச் சொன்னால் இரண்டே தவறு: பயந்து ஓடுவது, படிக்காமல் கையெழுத்துப் போடுவது. படிவம் மராத்தியிலோ இந்தியிலோ நீட்டப்பட்டால், "தமிழ்ல குடுங்க" என்று கேட்கத் தயங்காதீர்கள். பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கித்தான் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டு புது மருந்து ஆய்வு விதிகள் சொல்கின்றன. ஒரு பிரதியும் உங்களுக்கு உரியது. ஆய்வினால் உடம்புக்குக் கேடு வந்தால் சிகிச்சை இலவசம். மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு 2007 முதல் இணையத்தில் இருக்கிறது. ஆய்வின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி அதில் தேடிப் பாருங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய் மகனிடமோ மருமகளிடமோ காட்டிவிட்டு மறுவாரம் வருகிறேன் என்றால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. வரும்போது மட்டும் இரண்டு கவரையும் எடுத்து வாருங்கள்.