மிக்ஸின் உரப்பை அளப்பது எப்படி: வீட்டு ஸ்டூடியோவுக்கான செய்முறை

ஒரே மிக்ஸை (குரலும் கருவிகளும் கலந்து சேர்ந்த பாடலை) இரண்டு முறை ஒலிக்கவிடுங்கள், இரண்டாவது முறை 2 டெசிபல் கூட்டி. கேட்பவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதே தெளிவாகவும் கனமாகவும் இருக்கிறது என்பார்கள். மிக்ஸ் செய்பவரையும் இதே மயக்கம்தான் நாள் முழுக்கத் துரத்துகிறது. ஈக்வலைசரில் ஒரு குமிழைத் திருப்புகிறோம், ஒலி சற்றுக் கூடுகிறது, பாடல் மேம்பட்டுவிட்டதாக நம்பிவிடுகிறோம். உரப்பை, அதாவது ஒலி காதுக்கு எவ்வளவு சத்தமாகத் தெரிகிறது என்பதை, அளக்கத் தெரிந்தவருக்கு இந்த ஏமாற்றம் பாதியாகக் குறையும்.

தேவையானவை அதிகமில்லை: மிக்ஸ் செய்யும் மென்பொருள், அந்த மென்பொருளுக்குள் சேர்த்து இயக்கும் உரப்புமானியான ஒரு லவுட்னெஸ் மீட்டர் பிளக்இன் (யூலீன் லவுட்னெஸ் மீட்டரின் இலவசப் பதிப்பு தொடங்குவதற்குப் போதும்), கைபேசியில் ஒலியளவு காட்டும் செயலி, ஒப்பிட்டுக் கேட்க உங்களுக்கு நன்கு பழகிய ஒரு பாடல்.

படி 1: முதலில் அறையின் ஒலியளவை நிலைப்படுத்துங்கள்

மீட்டரைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. நம் காது எல்லா ஒலியளவிலும் ஒரே மாதிரி கேட்பதில்லை. 1933இல் ஃபிளெட்சரும் மன்சனும் வெளியிட்ட சம உரப்பு வளைகோடுகள் காட்டியது இதைத்தான்: ஒலி தணியும்போது மற்றவற்றைவிட அடிமட்ட அதிர்வெண்கள் வேகமாகக் காதிலிருந்து மறைகின்றன. இரவில் ஒலியைக் குறைத்து மிக்ஸ் செய்தால் பேஸ் போதவில்லை என்று ஏற்றுவோம். காலையில் சத்தமாகக் கேட்டால் அது குமுறும்.

பிங்க் நாய்ஸை (எல்லா அதிர்வெண்களும் கலந்த இரைச்சல்) -20 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டல் ஒலியின் உச்ச எல்லையை 0 என்று கொண்டு எண்ணும் டெசிபல்) சராசரி அளவில் ஒலிக்கவிடுங்கள். ஒரு ஸ்பீக்கரை மட்டும் இயக்குங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, நீங்கள் அமரும் இடத்தில், காது இருக்கும் உயரத்தில் கைபேசியைப் பிடியுங்கள். செயலியில் ‘சி’ எடையையும் ‘ஸ்லோ’ வேகத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் ஏ/85 வழிகாட்டி, 1500 கன அடிக்குக் குறைவான அறைக்கு 76 டெசிபலைப் பரிந்துரைக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரக் கூரை என்றால் 1200 கன அடி; நம் படுக்கையறை ஸ்டூடியோக்களில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும். 76 வரும்வரை ஆடியோ இன்டர்ஃபேஸின் குமிழைத் திருப்புங்கள். அடுத்த ஸ்பீக்கரையும் தனியாக இதேபோல் சரிபாருங்கள். இடமும் வலமும் வேறுபட்டால் ஸ்பீக்கரின் பின்புறக் குமிழில் சமன் செய்யுங்கள். பிறகு, குமிழ் நிற்கும் இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார் என்றால் 70 டெசிபலில் வைத்துக்கொள்ளலாம், குற்றமில்லை. கைபேசி மைக்கும் ஆய்வகக் கருவி அல்ல, ஓரிரண்டு டெசிபல் முன்னே பின்னே காட்டும். ஒவ்வொரு நாளும் அதே இடத்துக்குத் திரும்பி வர முடிகிறதா என்பதே கேள்வி. ஹெட்ஃபோனில் வேலை செய்பவர்கள் பழகிய பாடலை வசதியான அளவில் வைத்து அந்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான்.

படி 2: மீட்டரைச் சரியான இடத்தில் வையுங்கள்

எல்லா டிராக்குகளும் வந்து சேரும் மாஸ்டர் டிராக்கில், லிமிட்டர் (உச்சங்களை ஓர் எல்லைக்கு மேல் போகவிடாத பிளக்இன்) உட்பட எல்லா பிளக்இன்களுக்கும் பிறகு, கடைசியாக மீட்டர் வர வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. பல மென்பொருள்களில் பிளக்இன்கள் மாஸ்டர் ஃபேடருக்கு (அந்த டிராக்கின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகுமிழ்) முன்னால் இருக்கின்றன. ஃபேடரை 6 டெசிபல் இறக்கினாலும் மீட்டரின் எண் அசையாது. ஆனால் ஏற்றுமதியாகும் கோப்பு 6 டெசிபல் தணிந்திருக்கும். மாஸ்டர் ஃபேடரைப் பூஜ்யத்திலேயே விட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஹெட்ஃபோனையோ அறையையோ திருத்தும் பிளக்இன் பயன்படுத்துகிறீர்களா? அது மீட்டருக்கும் பின்னால் போக வேண்டும். ஏற்றுமதிக்கு முன் அதை அணைக்கவும் வேண்டும்.

படி 3: மீட்டரையே சோதித்துப் பாருங்கள்

இதைப் பலர் செய்வதில்லை, ஐந்து நிமிட வேலைதான். 1000 ஹெர்ட்ஸ் சைன் அலையை, உச்சம் -23 டிபிஎஃப்எஸ் இருக்குமாறு, இடது வலது இரண்டிலும் இருபது விநாடி ஒலிக்கவிடுங்கள். மீட்டர் -23.0 எல்யுஎஃப்எஸ் (உரப்பின் அலகு) காட்ட வேண்டும். வாயால் சொல்லும்போது ‘லஃப்ஸ்’, இங்கும் அப்படியே எழுதுகிறேன். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் மீட்டர்களைச் சோதிக்கப் பயன்படுத்தும் சமிக்ஞைகளுள் இதுவும் ஒன்று. இப்போது ஒரு பக்கத்தை மட்டும் அணையுங்கள். எண் -26க்கு இறங்கும். இரண்டு சேனல்களின் ஆற்றலையும் மீட்டர் கூட்டிக் கணக்கிடுகிறது. ஒன்று போனால் பாதி ஆற்றல் போகிறது, அதாவது 3 டெசிபல்.

இந்த 3 வீட்டு ஸ்டூடியோக்களில் அடிக்கடி தலைகாட்டும். மோனோ கோப்பாக அளந்த குரல், அதே அளவில் ஸ்டீரியோவின் இரு பக்கமும் வைத்த குரலைவிட 3 லஃப்ஸ் குறைவாகத் தெரியும். இரு பக்கமும் ஒலித்தும் சோதனை அலை -26தான் காட்டுகிறது என்றால் மென்பொருளின் பான் லா அமைப்பை (ஒலியை இடம், வலம், நடு என்று வைக்கும்போது அளவு எப்படி மாறும் என்ற விதி) பாருங்கள். மோனோ டிராக் நடுவில் இருக்கும்போது 3 டெசிபல் குறைக்கும்படி அது அமைந்திருக்கலாம்.

படி 4: எண்கள் என்ன சொல்கின்றன என்று புரிந்துகொள்ளுங்கள்

இன்றைய லவுட்னெஸ் மீட்டர்கள் அனைத்தும் 2006இல் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட பிஎஸ் 1770 என்ற தரநிலையின் வழி நடப்பவை. அளப்பதற்கு முன் அவை ஒலியை ‘கே’ எடை என்னும் வடிகட்டியில் செலுத்துகின்றன. சுமார் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஏறக்குறைய 4 டெசிபல் ஏற்றம், அடிமட்டத்தில் இறக்கம். நாகஸ்வரத்தின் கூர்மை எண்ணை உயர்த்தும்; வயிற்றை அதிரவைக்கும் சப்-பேஸ் அந்த அளவுக்கு உயர்த்தாது. ஆனால் லிமிட்டரைச் சீக்கிரம் இடித்து நிற்பது அந்த சப்-பேஸ்தான். பாடலின் உரப்பு ஏறாமல் மூச்சுத் திணறினால் முதலில் அங்கே தேடுங்கள்.

மூன்று எண்கள் கண்ணில் படும். மொமென்டரி என்பது கடைசி 400 மில்லி விநாடியின் உரப்பு. ஷார்ட்-டெர்ம் என்பது கடைசி 3 விநாடி. இன்டகிரேட்டட் என்பது முழுப் பாடலுக்குமானது, ஆனால் வெறும் சராசரி அல்ல. -70 லஃப்ஸுக்குக் கீழே இருப்பதை மௌனம் என்று மீட்டர் தள்ளிவிடும். மிஞ்சியதைச் சராசரி பார்த்து, அந்தச் சராசரிக்கு 10 கீழே இருப்பதையும் ஒதுக்கிவிட்டு மீண்டும் கணக்கிடும்.

ஒரு பாடல் இருபது விநாடி தம்பூராவோடு மட்டும் தொடங்குகிறது என்று வையுங்கள், அங்கே -35. பிறகு குரலும் மிருதங்கமும் சேர்ந்து -13இல் போகிறது. அந்தத் தம்பூரா இருபது விநாடியும் கணக்கிலேயே வராது. தொடக்கம் மெல்லியதாக இருக்கிறதே, எண் இறங்கிவிடுமே என்று பயந்து தம்பூராவை ஏற்றாதீர்கள்.

படி 5: அளங்கள்

மீட்டரில் ரீசெட் அழுத்துங்கள். பாடலைத் தொடக்கம் முதல் கடைசி எதிரொலி அடங்கும்வரை ஒலிக்கவிடுங்கள். பல்லவியை மட்டும் சுழலவிட்டு எடுத்த எண் பல்லவியின் எண், பாடலுடையது அல்ல. நடுவில் நிறுத்தி ஒரு ஃபேடரைத் தொட்டால் மறுபடியும் ரீசெட், மறுபடியும் முதலிலிருந்து. பொறுமை இல்லாதவர்களுக்காக ரீப்பர் என்ற மிக்ஸ் மென்பொருளில் டிரை ரன் ரெண்டர் இருக்கிறது. கோப்பை எழுதாமலே முழுப் பாடலையும் சில விநாடிகளில் அளந்து சொல்லிவிடும்.

இன்டகிரேட்டட், ஷார்ட்-டெர்மின் உச்சம், ட்ரூ பீக் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ட்ரூ பீக்கைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண உச்சமானி சாம்பிள்களின் (டிஜிட்டல் ஒலி அலையிலிருந்து அளந்தெடுத்த புள்ளிகள்) மதிப்பை மட்டும் பார்க்கும். இரண்டு சாம்பிள்களுக்கு இடையே அலை அதைவிட மேலே எழுந்திருக்கலாம்; ஸ்பீக்கருக்குப் போகும் மின்னலையில் அந்த முகடு உண்மையாகவே உருவாகும். ட்ரூ பீக் மீட்டர் சாம்பிள்களை நான்கு மடங்காக்கி இடைப்பட்ட முகட்டையும் மதிப்பிடுகிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் கூரிய அடிகளில் இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். எம்பி3 போன்ற வடிவங்களுக்கு மாற்றும்போது முகடுகள் இன்னும் சற்று உயரும். அதனால்தான் ஸ்பாட்டிஃபை ட்ரூ பீக் -1 டெசிபலுக்கு மேல் போக வேண்டாம் என்கிறது. மாஸ்டர் (வெளியிடும் இறுதிக் கோப்பு) -14 லஃப்ஸைவிட உரத்ததாக இருந்தால் -2.

படி 6: சமப்படுத்திவிட்டு ஒப்பிடுங்கள்

மீட்டரின் உண்மையான பயன் இங்கேதான் என்பது என் கருத்து. பழகிய பாடலின் உரத்த பகுதியை அளங்கள், ஷார்ட்-டெர்ம் -8 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மிக்ஸின் அதற்கு நிகரான பகுதி -16. அந்தப் பாடலை 8 டெசிபல் இறக்குங்கள். உங்களுடையதை ஏற்ற வேண்டாம், உச்சங்கள் உடைந்துவிடும். இப்போது மாற்றி மாற்றிக் கேட்டால், குரல் பின்னால் இருப்பதும் பேஸ் கலங்கியிருப்பதும் அப்பட்டமாகத் தெரியும். கம்ப்ரஸருக்கும் (உரத்த பகுதிகளை அமுக்கும் பிளக்இன்) இதே விதிதான். அதை இயக்கியும் அணைத்தும் அளந்து, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும்படி அதன் வெளியீட்டைக் குறைத்த பிறகே அது தேவையா என்று முடிவெடுங்கள்.

படி 7: -14ஐத் துரத்தாதீர்கள்

தொடக்கநிலையாளர்கள் முதலில் கேட்கும் கேள்வி, “-14இல் நிறுத்த வேண்டுமா?” ஸ்பாட்டிஃபை சாதாரண அமைப்பில் -14க்குச் சமப்படுத்துகிறது, ஆப்பிள் மியூசிக்கின் சவுண்ட் செக் -16க்கு. யூடியூப் உரத்ததை இறக்கும், மெல்லியதை ஏற்றாது. ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கு -23. இவை ஒலிக்கும்போது அந்தத் தளங்கள் செய்துகொள்ளும் ஏற்ற இறக்கம், நமக்கு இட்ட கட்டளை அல்ல. -9இல் கொடுத்தால் ஸ்பாட்டிஃபை 5 டெசிபல் இறக்கும், அவ்வளவுதான். -18இல், உச்சம் -4ஆகக் கொடுத்தால் -15 வரை மட்டும் ஏற்றும். உச்சம் -1ஐத் தொட்டதும் நின்றுவிடும்.

மிக்ஸ் நடக்கும்போது லிமிட்டர் இல்லாமல் -18, -20 என்று எங்கே நின்றாலும் கவலை வேண்டாம். இறுதி உரப்பை, வெளியிடுவதற்கு முந்தைய கடைசிக் கட்டமான மாஸ்டரிங்கில் காதை வைத்து முடிவு செய்யலாம். ஆல்பமாக வெளியிடுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு பாடலையும் தனித்தனியே ஒரே எண்ணுக்கு இழுத்துவராதீர்கள். முழு ஆல்பத்தையும் வரிசையாகக் கேட்பவருக்கு ஸ்பாட்டிஃபை பாடல்களுக்கிடையே உள்ள உரப்பு வேறுபாட்டை அப்படியே விட்டுவிடுகிறது. குத்துப்பாட்டுக்கு அடுத்து வரும் தாலாட்டு, நீங்கள் வைத்த அளவிலேயே மெதுவாகத்தான் ஒலிக்கும்.