கல்யாண போட்டோவுல எனக்குன்னு ஒரு ஸ்டைல் வந்தது இப்படித்தான்

ஆல்பத்துல பேரை மறைச்சுட்டா யார் எடுத்ததுன்னே தெரியாது, ரொம்ப நாளா அப்படித்தான் இருந்துச்சு என் படங்க. இன்ஸ்டால ஓடுற பிரீசெட்டை (ரெடிமேட் கலர் செட்டிங்) மாத்தி மாத்தி போட்டா கலர் மாறுமே தவிர வேற ஒண்ணும் மாறல.

சரி பண்ண ஆரம்பிச்சது லென்ஸ்ல. தூரத்துல இருந்தே இழுத்து எடுக்கற 70-200 ஜூம் லென்ஸை பையில வெச்சுட்டு, ஜூம் இல்லாத 35 எம்எம் பிரைம் லென்ஸ் மட்டும் மாட்டினேன் (பேர் போன பிரெஞ்சு போட்டோகிராஃபர் கார்ட்டியே-பிரெஸ்ஸானே பெரும்பாலும் 50 எம்எம்ங்கற ஒரே லென்ஸ்லதான் எடுத்தாரு, அந்த தைரியம்). 35ல கிட்ட போயே ஆகணும், போனா தாலி கட்டுற மாப்பிள்ளை கை மட்டும் இல்லாம, மூணாவது முடிச்சு போட நாத்தனார் கையை நீட்டுறது, பொண்ணோட அப்பா அட்சதையை போட மறந்து இறுக்கி புடிச்சுட்டு நிக்கிறது எல்லாமே ஒரே ஃபிரேம்ல வந்துடுது. சுத்தி நிக்கிற சனத்தோட எடுக்கறதுதான் எனக்கு வர்றதுன்னு அப்பதான் புரிஞ்சுது.

கலருக்கு, மண்டபத்துல வீடியோகாரர் லைட் ஒண்ணு, மேல எல்இடி ஒண்ணு, ரெண்டும் வேற வேற நிறம், அதனால கேமரா தானா நிறத்தை சரி பண்ற ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் ஷாட்டுக்கு ஷாட் தாவும். அதனால கெல்வினை (லைட்டோட நிறத்துக்கான அளவு) கையால 4000 கிட்ட செட் பண்ணிட்டு, பின்னாடி கலரை மாத்த வசதியான ரா (RAW) ஃபைலா எடுத்து, அரக்கு கூறைப்புடவை நேர்ல பார்த்த மாதிரி வர்ற வரைக்கும்தான் எடிட்டு. எல்இடி வெளிச்சத்துல படத்துல பட்டை பட்டையா விழுந்தா ஷட்டர் 1/100 செகண்ட், ஏன்னா நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட் செகண்டுக்கு 100 தடவை மினுக்கும்.

இப்பல்லாம் புக் பண்ண வர்றவங்ககிட்ட நல்லா வந்த நாலு படத்தை காட்டறதில்ல, ஒரு கல்யாணத்தை முழுசா காட்டுறேன். ஸ்டேஜ்ல வரிசையா நிக்க வெச்சு எடுக்க தனியா ஒரு தம்பி வர்றான்.