கூட்டம் என்றாலே பதறுகிறவர்கள் செய்யும் தவறுகள்

விழா, விருந்து, அலுவலகச் சந்திப்பு என்று எது வந்தாலும் இரண்டு நாள் முன்பே வயிற்றைப் பிசைய ஆரம்பிக்கும் ஆட்களுக்காக ஒரு சின்னப் பயிற்சிக் குழு நடத்துகிறேன். நானும் ஒரு காலத்தில் அந்த வரிசையில் நின்றவன்தான். புதிதாகச் சேருகிறவர்கள் என்னுடைய பழைய கோளாறுகளை அச்சுப் பிசகாமல் செய்வதைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

'போகாமல் இருந்துவிடாதீர்கள்', 'மூச்சை இழுத்து விடுங்கள்' என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் கேட்டுக் கேட்டு உங்களுக்கே புளித்துப் போயிருக்கும்.

போயும் போகாமல் இருப்பது

"சார், எல்லா ஃபங்ஷனுக்கும் போறேன். ஒண்ணையும் விடறதில்லை. ஆனா பயம் ஒரு இம்மிகூடக் குறையலை." மாதத்துக்கு ஒருவராவது இதைச் சொல்லிவிடுவார். போன இடத்தில் என்ன செய்தீர்கள் என்று துருவிக் கேட்டால்தான் கதை வெளியே வரும்.

ஓரத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நடுக்கம் தெரியக்கூடாது என்று டம்ளரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருப்பார். யாராவது நெருங்கி வந்தால் போனை எடுத்து, வராத மெசேஜைப் படித்திருப்பார். தெரிந்த ஒரே ஆளின் முதுகோடு ஒட்டிக்கொண்டு அவர் போகிற இடமெல்லாம் போயிருப்பார். இதில் கெட்டிக்காரர்கள் உண்டு. 'நான் போட்டோ எடுக்கிறேன்' என்று வலியப் போய்ப் பொறுப்பை ஏற்றுக்கொள்வார்கள். கேமராவுக்குப் பின்னால் நிற்பவரிடம் யாரும் கதை பேச மாட்டார்கள் அல்லவா? ஊரே அவரை உதவிகரமான ஆள் என்று பாராட்டும். அவருக்கு மட்டும் உண்மை தெரியும்.

இவற்றுக்கு உளவியலில் பாதுகாப்பு நடத்தைகள் என்று பெயர். டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1995இல் முன்வைத்த விளக்கத்தில், இந்தப் பயம் வருடக்கணக்கில் கரையாமல் கிடப்பதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்றாக இதைச் சொன்னார்கள். கணக்கு எளிது. டம்ளரை இறுக்கிப் பிடித்தீர்கள், அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை. உடனே மனசு என்ன எழுதிக்கொள்கிறது? 'இறுக்கிப் பிடித்ததால் தப்பித்தேன்.' கை நடுங்கியிருந்தாலும் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள் என்ற தகவல் அதற்குப் போய்ச் சேருவதே இல்லை. பயம் பரீட்சை எழுதாமலே பாஸ் ஆகிவிடுகிறது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. எதை மறைக்கப் பார்க்கிறோமோ அதையே இந்த உத்திகள் வளர்த்துவிடும். இறுக்கிப் பிடித்த கை கூடுதலாக நடுங்கும். வியர்வையை மறைக்கக் கோட்டைக் கழற்றாமல் இருந்தால் வியர்வை ஆறாகப் பெருகும். தாழ்ந்த குரலில் பேசினால் எதிரில் இருப்பவர் 'என்ன சொன்னீங்க?' என்று குனிந்து முகத்துக்கு நேராகப் பார்ப்பார். அடுத்த வாக்கியத்தை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தால் அவர் சொல்வது காதில் ஏறாது. ஏதோ கேட்பார், நீங்கள் விழிப்பீர்கள்.

குழுவில் ஒருவர் இருந்தார். எங்கே போனாலும் போனில் ஐந்து கேள்விகள் எழுதிக்கொண்டு போவார். அவரை முன்பின் தெரியாத ஒருவரோடு இரண்டு முறை பேச வைத்தோம். முதல் முறை வழக்கம்போல, கேள்விப் பட்டியலோடு. இரண்டாம் முறை போன் மேசையில், கை மடியில், வாய்க்கு வந்ததைப் பேச வேண்டும். முடிந்ததும் கேட்டால், முதலாவதுதான் நன்றாகப் போனது, இரண்டாவதில் உளறிக் கொட்டினேன் என்று அடித்துச் சொன்னார். எதிரில் இருந்தவரைக் கேட்டோம். "முதல்ல பேசும்போது என்கிட்ட பேசப் பிடிக்கலையோன்னு நினைச்சேன். ஏதோ விண்ணப்பம் நிரப்பற மாதிரி இருந்தது. ரெண்டாவதுதான் பேச்சு" என்றார். நம் ஆள் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெல்ஸ், கிளார்க் குழுவினர் அதே 1995இல் செய்த ஒரு சிறிய ஆய்வும் இதையே காட்டியது. பயப்படும் சூழலுக்குள் வெறுமனே போய் நிற்பதைவிட, பாதுகாப்பு நடத்தைகளை விட்டுவிட்டுப் போய் நின்றபோது பதற்றம் நன்றாகக் குறைந்தது.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றி எறியாதீர்கள். ஒரு சந்திப்புக்கு ஒன்று போதும். இன்று போன் பையை விட்டு வெளியே வராது, அவ்வளவுதான். போவதற்கு முன் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். 'பயமாக இருக்கும்' என்று எழுதிப் பயனில்லை. பயமாகத்தான் இருக்கும். 'என் கை நடுங்குவதைப் பார்த்து ஒருவராவது கேட்பார்' என்பதுபோல் சரிபார்க்க முடிந்ததை எழுதுங்கள். வந்தபின் எடுத்துப் பாருங்கள். அப்புறம், இவை வேஷம் மாறி வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். போனை விட்டவர் தட்டைப் பிடித்துக்கொள்வார். ஒரு மூலையில் ஒதுங்கி மூச்சை எண்ணிக்கொண்டே மாலையை ஓட்டிவிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தது நாங்கள்தான் என்பது வேறு விஷயம்.

தைரியத்துக்கு இரண்டு பெக்

இதுவும் ஒரு பாதுகாப்பு நடத்தைதான், அந்தப் பட்டியலிலேயே விலை அதிகமானது. வேண்டாம்.

எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள் என்று நம்புவது

கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்து 2000இல் வெளியான ஒரு சோதனை இருக்கிறது. மாணவர் ஒருவருக்குப் பாடகர் பேரி மானிலோவின் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் அனுப்புவார்கள். அந்த வயதில் போடக் கூச்சமான சட்டை. எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டால், ஏறக்குறைய பாதிப் பேர் என்று சட்டை போட்டவர்கள் கணித்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் சுமார் கால்வாசிதான்.

சோதனையைப் படித்துவிட்டால் பயம் போய்விடுமா? போகாது. பேச்சுக்கு நடுவில் கவனம் உங்கள் முகச்சூடு, இதயத் துடிப்பு என்று உள்ளே திரும்பும்போது, எதிரில் இருப்பவர் கடைசியாகச் சொன்ன சொல் என்ன என்று தேடுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேளுங்கள். மறுபடி உள்ளே ஓடும், மறுபடி வெளியே இழுங்கள்.

படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது கிளம்புவது

கிளம்பும் நேரத்தைக் கடிகாரம் முடிவு செய்யட்டும். 'ஒரு மணி நேரம்' என்று போவதற்கு முன்பே தீர்மானித்துவிட்டால், பதறினாலும் ஒரு மணி நேரம், பிடித்துப் போனாலும் ஒரு மணி நேரம். பிடித்துப் போய்க் கூடுதலாக இருந்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. தாமதமாகப் போவதும் இதே ரகம். எல்லோரும் வட்டம் வட்டமாக நின்று பேச ஆரம்பித்தபின் உள்ளே நுழைவது நம்மைப் போன்றவர்களுக்குக் கூடுதல் கஷ்டம். சீக்கிரம் போனால் நாலே பேர் இருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து விசாரணைக் கமிஷன் வைப்பது

இரவு பதினொரு மணி. விளக்கை அணைத்தாகிவிட்டது. 'அவர் சிரித்தது எதற்கு? நான் ஏன் அப்படிச் சொன்னேன்?' என்று காட்சி காட்சியாக ஓடும். சாட்சியும் நீங்களே, நீதிபதியும் நீங்களே. அந்த விசாரணை மன்றத்தில் இதுவரை யாரும் விடுதலையானதில்லை.

முதன்முறை சந்தித்துப் பேசியவர்களை வைத்துச் செய்த, 2018இல் வெளிவந்த ஆய்வுகள், மற்றவருக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதை மக்கள் பொதுவாகவே குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்று காட்டின. கூச்சமில்லாதவர்களே அப்படியென்றால் நம் தீர்ப்பு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வந்ததும் நான்கு வரி எழுதுங்கள். யாரிடம் பேசினேன், என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது. வீடியோவில் பதிவாகக்கூடியது மட்டும். அவர் மனதில் என்ன நினைத்தார் என்பது வீடியோவில் பதிவாகாது, அதனால் எழுதக் கூடாது. 'நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?' என்று நண்பருக்கு மெசேஜ் அனுப்புவதும் விசாரணையின் தொடர்ச்சிதான். அவர் இல்லை என்பார். அரை மணி நேரம் நிம்மதி. அப்புறம் அவர் ஆறுதலுக்காகச் சொன்னாரோ என்று தொடங்கும்.

'என் சுபாவமே அப்படி'

தனிமை பிடித்தவர் போகாமல் இருந்துவிட்டால் நிம்மதியாகப் புத்தகம் படிப்பார். பயந்தவர், மற்றவர்கள் எடுத்த படங்களை ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்தவர் மாத்திரையைக் கேட்டு வாங்குவது

மேடை ஏறும்முன் படபடப்புக்காகச் சிலர் போடும் 'ப்ரோப்ரனலால்' என்ற மாத்திரை, ஆஸ்துமா உள்ளவருக்கு ஆபத்து. தூக்க மாத்திரை வகையறா பழக்கமாகிவிடும். மருத்துவர் எழுதித் தராத எதையும் தொடாதீர்கள்.

உதவி கேட்பதைத் தள்ளிப்போடுவது

இந்தப் பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பையோ வேலையையோ உறவுகளையோ அரிக்கிறது என்றால் அது வெறும் கூச்சமில்லை. மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும், 2013இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடு நோயை நிர்ணயிக்கப் பொதுவாக வைக்கும் அளவுகளில் அந்த ஆறு மாதமும் ஒன்று. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு அதே ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், சமூகப் பதற்றத்துக்கென்றே வடிவமைத்த சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழி) சிகிச்சையைத் தனிநபராக எடுத்துக்கொள்வதை முதலில் வைக்கிறது. அது வேண்டாம், மருந்துதான் வேண்டும் என்பவர்களுக்கு எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவை. அவை வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும், இரண்டாம் நாளே பலனில்லை என்று நிறுத்திவிடக் கூடாது.

சிக்கல் என்னவென்றால், முன்பதிவுக்குப் போன் செய்வதும், தெரியாத மருத்துவர் முன் உட்கார்ந்து பேசுவதுமே இவர்களுக்குப் பயம். அதற்கு நான் சொல்லும் வழி: எந்தெந்த இடங்களுக்குப் போவதைத் தவிர்க்கிறீர்கள், எப்போதிலிருந்து, போனால் என்னென்ன செய்து சமாளிக்கிறீர்கள் என்று அரைப் பக்கம் எழுதி எடுத்துப் போங்கள். உள்ளே போனதும் வாய் அடைத்துக்கொண்டால் காகிதத்தை நீட்டிவிடுங்கள், படித்துவிட்டு அவரே கேள்வி கேட்பார்.